பழைய கேம் விளையாட எந்த ஹேண்ட்ஹெல்ட் வாங்கலாம்?

கேள்வி இதுதான்: சூப்பர் மாரியோ, கான்ட்ரா, போக்கிமான், டெக்கன் 3, முடிந்தால் காட் ஆஃப் வார். இந்த ஐந்தையும் கையில் வைத்து விளையாட ஒரு ஹேண்ட்ஹெல்ட் வேண்டும். மாடல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, பெயர்கள் எல்லாம் எண்ணும் எழுத்துமாகக் குழப்புகின்றன. எல்லாவற்றையும் ஓட்டக்கூடிய ஒன்றையே வாங்கிவிடலாமா? இல்லை, கையில் இருக்கும் போனே போதுமா?

இந்தக் கருவிகளோடு பல வருடங்களாகப் புழங்குகிறேன். வாங்கி, விற்று, நண்பர்களுக்கு செட் செய்து கொடுத்து, பட்டன் கழன்றதைப் பிரித்து மாட்டி என்று இதில் நிறைய நேரம் போயிருக்கிறது. ஏமாந்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்கியிருக்கிறார்கள். முதலில் சிப் என்ன, எத்தனை ஜிபி ராம் என்று பார்க்கிறார்கள். போன் வாங்கிப் பழகிய பழக்கம் அது. இங்கே அந்தக் கணக்கு செல்லாது. முதலில் கேம்களின் பட்டியல், அப்புறம் திரை, அப்புறம் டி-பேட், அதாவது மேல், கீழ், இடது, வலது என்று திசை காட்டும் கூட்டல் குறி வடிவப் பட்டன். சிப் கடைசி. பட்டியல் கேட்கிற அளவுக்கு அது இருந்தால் போதும்.

உங்கள் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 1985-இல் வந்தது. மொத்த கேமும் 40 கேபி, இன்று போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அதைவிடப் பல மடங்கு பெரிது. கான்ட்ரா அதே 8-பிட் நின்டெண்டோவுக்கு 1988-இல் வந்தது. போக்கிமான் என்றால் கேம் பாய், கேம் பாய் கலர், கேம் பாய் அட்வான்ஸ் மூன்றிலும் இருக்கிறது. டெக்கன் 3 முதல் பிளேஸ்டேஷனுக்கு 1998-இல் வந்தது. இந்த நான்கையும் இன்று விற்கிற மிகச் சாதாரண ஹேண்ட்ஹெல்ட்கூட முழு வேகத்தில் ஓட்டும். இரட்டை கோர் சிப்பும் 128 எம்பி ராமும் மட்டுமே உள்ள மியூ மினி பிளஸ் என்ற சிறு கருவிகூட இவற்றைத் தடங்கல் இல்லாமல் ஓட்டுகிறது.

ஐந்தாவது பெயரில்தான் கணக்கு மாறுகிறது. காட் ஆஃப் வார் 2005-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த கேம். அந்தக் கன்சோலையே முக்கி முனக வைத்த கேம் அது. அதை ஓட்டுவதற்கென்று ஒரு கருவி தேடினால் அளவு, எடை, சூடு, விலை எல்லாம் ஒரே தாவலில் மேலே போய்விடும். மற்ற நான்கு கேமுக்கும் அந்தத் தாவலால் ஒரு பயனும் இல்லை. சொல்லப்போனால் சில விஷயங்களில் நஷ்டம்தான். அது ஏன் என்று திரையைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். பழைய கன்சோலின் வேகத்தைப் பார்த்து, 'இன்றைய சிப்புக்கு இதெல்லாம் தூசு' என்று நினைத்துவிடக் கூடாது. இந்தக் கருவிகள் பழைய கேமை ஓட்டுவது எமுலேட்டர் என்ற மென்பொருளால்தான். அது ஒரு துபாஷி மாதிரி. பழைய கன்சோலுக்காக எழுதிய ஒவ்வொரு கட்டளையையும் இன்றைய சிப்புக்குப் புரிகிற மொழியில் அந்தக் கணமே மாற்றிச் சொல்ல வேண்டும். படம், ஒலி, பட்டன் எல்லாம் ஒரு நொடிக்கு 60 முறை நேரம் தவறாமல் பொருந்த வேண்டும். மொழி எளிமையானால் வேலை சுலபம், பழைய கன்சோலின் உள்ளமைப்பு விசித்திரமானதாக இருந்தால் வேலை கடினம். சேகா சாட்டர்ன் 1994-இல் வந்தது, முதல் பிளேஸ்டேஷனும் அதே வருடம்தான். ஆனால் சாட்டர்னில் இரண்டு முதன்மை சிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்யும். அவற்றைச் சுற்றி வேறு துணைச் சிப்புகளும் உண்டு. அதனால் பிளேஸ்டேஷன் கேம் வழுக்கிக்கொண்டு ஓடும் அதே கருவியில் சாட்டர்ன் கேம் திணறும். நின்டெண்டோ 64-ம் அப்படித்தான். அதன் கிராபிக்ஸ் சிப்புக்கான நுண்கட்டளைகளை கேம் தயாரிப்பாளர்களே மாற்றி எழுத முடிந்தது. ஒரு கேம் நன்றாக ஓடும், அடுத்த கேமில் படம் கிழியும்.

இதையெல்லாம் மனத்தில் வைத்து நான் மூன்று படிகளாகப் பிரித்துக்கொள்வேன். முதல் படி: 8-பிட், 16-பிட் கன்சோல்கள், கேம் பாய் குடும்பம் முழுவதும், பிளேஸ்டேஷன் 1. எந்தக் கருவியானாலும் சரி. இரண்டாம் படி: நின்டெண்டோ 64, ட்ரீம்காஸ்ட், பிஎஸ்பி (சோனியின் கையடக்க பிளேஸ்டேஷன்), நின்டெண்டோ டிஎஸ். இங்கே நடுத்தரச் சிப் வேண்டும், அதிலும் எல்லா கேமும் சமமாக ஓடாது. ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச் போன்ற கருவிகளில் இருக்கும் எச்700 சிப்பில் இலகுவான பிஎஸ்பி கேம்கள் ஓடும், கனமானவை தடுமாறும். விளம்பரத்தில் 'பிஎஸ்பி ஓடும்' என்று போட்டிருந்தால் அதற்கு இவ்வளவுதான் அர்த்தம். மூன்றாம் படி: பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப். இதற்கு ரெட்ராய்டு பாக்கெட் 5 என்ற கருவியில் உள்ள ஸ்னாப்டிராகன் 865 போன்ற, ஒரு காலத்தில் உயர்ரக போன்களில் இருந்த சிப் தேவைப்படும்.

இப்போது திரைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இதை மட்டும் சரியாகப் புரிந்துகொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

ஒவ்வொரு பழைய கன்சோலுக்கும் ஒரு படக்கணக்கு உண்டு. கேம் பாய், கேம் பாய் கலர்: அகலம் 160 பிக்சல், உயரம் 144. கிட்டத்தட்ட சதுரம். கேம் பாய் அட்வான்ஸ்: 240-க்கு 160, அதாவது 3:2. பிளேஸ்டேஷன் 1 பெரும்பாலும் 320-க்கு 240, பழைய டிவியின் 4:3 வடிவம். பிஎஸ்பி: 480-க்கு 272, அகலத்திரை. இந்தப் படத்தை இன்றைய திரையில் காட்ட வேண்டுமானால் பெரிதாக்க வேண்டும். சரியாக இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்ணில் பெரிதானால் ஒவ்வொரு பழைய பிக்சலும் ஒரே அளவுச் சதுரமாக, கூர்மையாக வரும். 3.33 மடங்கு என்றால் சிக்கல். சில பிக்சல் வரிசைகள் மூன்று புள்ளி உயரமும், சில வரிசைகள் நான்கு புள்ளி உயரமும் ஆகிவிடும்.

நின்ற படத்தில் இது சட்டென்று தெரியாது. நகரும்போதுதான் தெரியும். போக்கிமான் கோல்டில் முதல் ஊரை விட்டு வெளியே போய் மேலும் கீழும் நடந்து பாருங்கள். வீட்டுக் கூரையின் ஓட்டு வரிகளைக் கவனியுங்கள். கூரை கீழே நகர நகர ஒரு வரி தடிக்கும், அடுத்த கணம் மெலியும், அதற்கடுத்த வரி தடிக்கும். புல்வெளி முழுவதும் தண்ணீர் அலம்புவது போல் நெளியும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. கண் வலிப்பதாகச் சொல்லி என்னிடம் ஒரு கருவியைக் கொண்டுவந்த நண்பருக்குப் பிரச்சினை இதுதான். செட்டிங்கில் முழு எண் பெருக்கத்தை ஆன் செய்தேன். படம் ஓரத்தில் கொஞ்சம் சுருங்கியது, நெளிவு நின்றுவிட்டது.

ஆகவே திரையின் பிக்சல் எண்ணிக்கையை உங்கள் கேமின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 3.5 அங்குல, 640-க்கு 480 திரைதான் இந்த உலகில் அதிகம் புழங்குவது. பிளேஸ்டேஷன் 1-க்கு இது சரியாக இரண்டு மடங்கு, ஓரம்கூட மிஞ்சாது. கேம் பாய்க்கு மூன்று மடங்கு: 480-க்கு 432, மேலும் கீழும் 24 புள்ளி கறுப்பு. அழகாக இருக்கும். கேம் பாய் அட்வான்ஸுக்குத்தான் இந்தத் திரை அவ்வளவாகப் பொருந்தாது. இரண்டு மடங்கில் 480-க்கு 320 மட்டுமே நிரம்பும், படம் ஏறக்குறைய இரண்டரை அங்குலமாகச் சுருங்கிவிடும். பழைய அசல் கருவியின் 2.9 அங்குலத்தைவிட அது சிறியது. அகலம் முழுக்க இழுத்தால் 2.67 மடங்கு, மறுபடியும் நெளிவு. கேம் பாய் அட்வான்ஸ்தான் உங்கள் உயிர் என்றால் ஆர்ஜி34எக்ஸ்எக்ஸைப் பாருங்கள். அதன் திரை 720-க்கு 480, மிகச் சரியாக மூன்று மடங்கு, ஒரு புள்ளிகூட வீணாகாது. பவ்கிட்டி நிறுவனத்தின் ஆர்ஜிபி30-இல் 720-க்கு 720 என்று சதுரத் திரை. அதில் கேம் பாய் நான்கு மடங்கும், அட்வான்ஸ் மூன்று மடங்கும் பொருந்தும். திரை சதுரமாக இருப்பது பார்க்க வினோதமாக இருந்தாலும் கேம் பாய் பிரியர்களுக்கு அது அருமையான வடிவம்.

சூப்பர் நின்டெண்டோ கொஞ்சம் தனி ரகம். அதன் படம் 256-க்கு 224. இரண்டு மடங்கு செய்தால் 512-க்கு 448, கூர்மையாகத்தான் வரும், ஆனால் எல்லோரும் சற்று ஒல்லியாகத் தெரிவார்கள். காரணம், அந்தக் காலத்து டிவி அந்தப் படத்தைப் பக்கவாட்டில் இழுத்து 4:3 ஆக்கிக் காட்டியது. ஓவியர்களில் சிலர் அதைக் கணக்கில் வைத்து வரைந்தார்கள், சிலர் வைக்கவில்லை. மாரியோவின் நாணயம் வட்டமாகத் தெரிய வேண்டுமா, பிக்சல் சதுரமாகத் தெரிய வேண்டுமா என்பது அவரவர் விருப்பம். நான் 4:3-க்கு இழுத்து, 'ஷார்ப் பைலினியர்' என்ற ஃபில்டரைப் போட்டுக்கொள்கிறேன். நெளிவை ஏறக்குறைய மறைத்துவிடும்.

இந்தக் கணக்கெல்லாம் குறைந்த ரெசல்யூஷன் திரைக்குத்தான் முக்கியம். 1080 புள்ளி உயரமுள்ள திரையில் ஏழரை மடங்கு பெருக்கினாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அங்கே வேறு ஒரு நஷ்டம் இருக்கிறது, மேலே சொன்னேனே, அதுதான். 5.5 அங்குல அகலத்திரையில் 4:3 கேமைப் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்து, படம் சுமார் 4.5 அங்குலம்தான் வரும். பெரிய கருவியைச் சுமக்கிறீர்கள், அதில் நான்கில் ஒரு பங்கு திரை வெறுமனே இருக்கிறது. அதை நிரப்புவதற்காக மாரியோவைப் பக்கவாட்டில் இழுத்துக் குண்டாக்கி விளையாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தப் படங்களை ஒவ்வொரு புள்ளியாக யோசித்து வைத்திருக்கிறார்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2001-இல் வந்த முதல் கேம் பாய் அட்வான்ஸில் திரைக்கு வெளிச்சமே கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்தால்தான் தெரியும். அதனால் தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே நிறங்களைத் தூக்கலாக வைத்தார்கள். இன்றைய பளிச்சென்ற திரையில் அவை கண்ணைக் கூசும். எம்ஜிபிஏ எமுலேட்டரில் நிறத்திருத்தம் என்று ஒரு வசதி இருக்கிறது. அதை ஆன் செய்ததும் அந்தப் பழைய மென்மை திரும்பிவிடும். விலையுயர்ந்த திரை வாங்குவதைவிட இந்த ஒரு செட்டிங் அதிகப் பலன் தரும்.

சரி, டி-பேட். கான்ட்ராவையும் டெக்கனையும் பட்டியலில் வைத்திருப்பவருக்கு இது திரைக்குச் சமமான விஷயம்.

இந்தக் கருவிகளின் டி-பேடில் வழக்கமான குறை ஒன்றுதான்: நீங்கள் வலதை மட்டும் அழுத்தும்போது அது தானாகக் கீழ்-வலது என்று எடுத்துக்கொள்ளும். பட்டனின் நடுவில் உள்ள முளை தாழ்வாக இருந்தாலோ, அடியில் உள்ள ரப்பர் மெத்தை மிருதுவாக இருந்தாலோ இப்படி ஆகும். சாதாரணக் கேமில் இது தெரியாது. கான்ட்ராவில் உயிர் போகும். வலது பக்கம் ஓடிக்கொண்டே நேராகச் சுட வேண்டிய இடத்தில் துப்பாக்கி தரையைப் பார்த்துச் சாயும், எதிரே வருபவன் மோதிவிடுவான். டெட்ரிஸில் இன்னும் மோசம். கட்டையைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது விரல் சற்றே சரிந்தால் அது விறுவிறுவென்று கீழே இறங்கிவிடும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. கான்ட்ராவைத் தொடங்குங்கள். வலதை அழுத்திப் பிடித்துக்கொண்டே கட்டைவிரலை மெதுவாக மேலும் கீழும் உருட்டுங்கள். விரலின் சாய்வு நன்றாகத் தெரிகிற அளவுக்குப் போன பிறகுதான் துப்பாக்கி சாய வேண்டும். லேசாக அசைத்ததுமே சாய்ந்தால் அந்த டி-பேட் சரியில்லை. அடுத்தது, கான்ட்ராவின் முதல் திரையில் மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது பி ஏ போட்டு 30 உயிர் வாங்குகிற அந்தப் பிரபலமான வரிசை. அதை வேகமாகப் பத்து முறை போட்டுப் பாருங்கள். எட்டு முறையாவது ஏற்க வேண்டும். டெக்கனுக்கு முன்னோக்கி இருமுறை தட்டி ஓடுவது, மேலே ஒரு தட்டு தட்டிப் பக்கவாட்டில் விலகுவது, இரண்டையும் சோதியுங்கள். டி-பேட் கொஞ்சம் மோசமாக வந்தால் வீட்டிலேயே திருத்தலாம். பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றி, ரப்பர் மெத்தைக்கு அடியில் உள்ள தொடுபுள்ளியின் நுனியில் மெல்லிய டேப்பைச் சிறு துண்டாக வெட்டி ஒட்டினால் தவறான சாய்வு குறையும். பலரும் செய்கிற வேலைதான். ஆனால் வாரண்டி காலத்தில் திருப்பி அனுப்புவதே மேல்.

மற்ற பட்டன்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிளேஸ்டேஷன் கேம்களுக்குத் தோள் பட்டன் நான்கு வேண்டும், அவை எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். நின்டெண்டோ 64, பிஎஸ்பி விளையாடப் போவதில்லை என்றால் அனலாக் ஸ்டிக் இல்லாத கருவியே பாக்கெட்டில் ஒழுங்காக உட்காரும். நிமிர்ந்த வடிவமா, படுத்த வடிவமா என்பது கையைப் பொறுத்தது. நிமிர்ந்த வடிவம் கேம் பாய் மாதிரி பார்க்க அழகு, போக்கிமானுக்கு மிகப் பொருத்தம். ஆனால் டெக்கன் போல இரண்டு கையும் அடித்து விளையாடுகிற கேமுக்கு அரை மணி நேரத்தில் சுண்டுவிரல் மரத்துவிடும். கை பெரிதாக இருந்தால் படுத்த வடிவமே எடுங்கள்.

உள்ளே என்ன மென்பொருள் ஓடுகிறது என்பதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. சிறிய கருவிகளில் லினக்ஸ், பெரியவற்றில் ஆண்ட்ராய்டு. முதல் படிக் கேம்களுக்கு லினக்ஸ்தான் சுகம். மியூ மினி பிளஸ்ஸில் ஆனியன் என்ற மென்பொருளைப் போட்டுக்கொண்டால், பவர் பட்டனை அழுத்தி அணைக்கும்போது அதுவே இடத்தைச் சேமித்துவிடும். மறுபடி ஆன் செய்தால் விட்ட இடத்திலேயே, பாதித் தாவலில் மாரியோ நிற்பார். பத்து நிமிடம் கிடைத்தால் எடுத்து விளையாடிவிட்டு வைத்துவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே நான் பெரிய கருவி இருக்கும்போதும் சிறியதை எடுக்கிறேன். ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ், ஆர்ஜி34எக்ஸ்எக்ஸ் வரிசையைத் தயாரிக்கும் ஆன்பெர்னிக் நிறுவனத்தின் கருவிகளுக்கு மூஓஎஸ், நுல்லி போன்றவை இருக்கின்றன. எல்லாம் ஆர்வலர்கள் தங்கள் நேரத்தைக் கொடுத்து எழுதியவை, இலவசம். கருவியோடு வருகிற மென்பொருளைவிடப் பெரும்பாலும் மேலானவை. ஆகவே ஒரு மாடலை வாங்கும் முன், அதற்கு இப்படி ஒரு மென்பொருள் இருக்கிறதா, அது இப்போதும் புதுப்பிக்கப்படுகிறதா என்று பாருங்கள். ஒருமாதிரி இதுதான் அந்தக் கருவியின் ஆயுள். புதிதாக வந்து இரண்டே வாரமான மாடலைவிட, ஒரு வருடமாகப் பலர் கையில் புழங்கிய மாடல் நல்லது.

ஆண்ட்ராய்டு கருவி என்றால் ஒவ்வொரு எமுலேட்டரையும் தனித்தனியாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் பட்டன்களை அமைத்து, ஃபோல்டர் காட்டி என்று ஒரு முழு நாள் போகும். அந்த வேலை பிடித்தவர்களுக்கு அது இன்பம். பிடிக்காதவர்களுக்குக் கருவி அலமாரியில் தூங்கும்.

இப்போது நான் பட்ட ஒரு அடி. என் முதல் கருவியோடு ஒரு மெமரி கார்டு வந்தது, பெயர் தெரியாத ரகம். அதிலேயே விளையாடினேன். போக்கிமானில் எட்டு பேட்ஜும் வாங்கி, கடைசிச் சுற்றுக்கு அணியைத் தயார் செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் ஆன் செய்தால் கறுப்புத் திரை. கார்டைக் கணினியில் போட்டால் ஃபார்மட் செய்யவா என்று கேட்கிறது. நாற்பது மணி நேரத்துக்கு மேல் விளையாடியது ஒரு சுவடுகூட இல்லாமல் போயிற்று. கருவியில் ஒரு குறையும் இல்லை, கார்டுதான் செத்துவிட்டது. அதற்கப்புறம் எந்தக் கருவி வந்தாலும் முதல் வேலையாக அதோடு வந்த கார்டை முழுவதும் கணினியில் நகலெடுத்து, நம்பகமான நிறுவனத்தின் புதுக் கார்டில் போடுகிறேன். பழையதை உறையில் போட்டு வைத்துவிடுகிறேன். சேவ் ஃபைல்கள் உள்ள ஃபோல்டரை மாதம் ஒருமுறை எடுத்து வைப்பதும் பழக்கமாகிவிட்டது.

கார்டின் அளவுக்காக அலட்டிக்கொள்ள வேண்டாம். கேம் பாய் அட்வான்ஸ் கேம் ஒன்று அதிகபட்சம் 32 எம்பி. நின்டெண்டோ 64 கேம் அதிகபட்சம் 64 எம்பி. பிளேஸ்டேஷன் 1 கேம் பெரும்பாலும் ஒரு சிடி, சுமார் 700 எம்பிக்குள். அதையும் சிஎச்டி என்ற வடிவத்தில் சுருக்கினால் பெரும்பாலும் நன்றாகக் குறையும். 64 ஜிபி கார்டே உங்கள் பட்டியலுக்குப் பல மடங்கு அதிகம்.

சேவ் பற்றி இன்னொன்று. எமுலேட்டரில் இரண்டு வகைச் சேமிப்பு உண்டு. ஒன்று கேமுக்குள்ளேயே மெனுவில் போய்ச் சேமிப்பது. இன்னொன்று சேவ் ஸ்டேட், அந்த நொடியை அப்படியே படம் பிடித்து வைப்பது. இரண்டாவது வசதியாக இருப்பதால் எல்லோரும் அதையே நம்புகிறார்கள். ஆனால் எமுலேட்டரின் புதுப் பதிப்பு வந்தால் பழைய ஸ்டேட் திறக்காமல் போகலாம், வேறு கருவிக்கு மாறினாலும் அப்படித்தான். கேமுக்குள் செய்த சேவ் பெரும்பாலும் எங்கும் போகும். இரண்டையும் செய்யுங்கள். போக்கிமான் கோல்டு, சில்வர் விளையாடுவதானால் கருவியில் கடிகாரச் சிப் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்த கேம்களில் பகலும் இரவும் உண்மையான நேரப்படி வரும், சில போக்கிமான் இரவில் மட்டுமே வெளியே வரும். கடிகாரம் இல்லாத கருவியை அணைத்து வைத்தால் அதன் நேரமும் நின்றுவிடும். மியூ மினி பிளஸ்ஸில் கடிகாரம் உண்டு, அதற்கு முந்தைய மியூ மினியில் இல்லை.

சார்ஜ் போடுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சில மலிவான கருவிகளில் யுஎஸ்பி-சி ஓட்டை இருக்கும், ஆனால் இரண்டு பக்கமும் சி உள்ள ஒயரைப் போட்டால் சார்ஜ் ஏறாது. சார்ஜரிடம் 'எனக்கு மின்சாரம் கொடு' என்று சொல்வதற்கு உள்ளே இருக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டர்களை வைக்காமல் விட்டிருப்பார்கள். கருவி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஒரு பக்கம் பழைய தட்டையான யுஎஸ்பி உள்ள ஒயரைப் போட்டால் ஏறும்.

போனே போதாதா என்ற கேள்விக்கு வருகிறேன். சக்தியில் போதும், அதில் சந்தேகமே இல்லை. நடுத்தர போன்கூட மேலே சொன்ன நான்கு கேமையும் எளிதாக ஓட்டும். திரையைத் தொட்டு விளையாடுவதுதான் நடக்காது. கண்ணாடியில் விரலுக்குப் பட்டனின் விளிம்பு தெரியாது, பார்வை கீழே போய்க்கொண்டே இருக்கும். போனை நடுவில் செருகிக்கொள்கிற வகை கன்ட்ரோலர் வாங்கினால் நிலைமை வேறு. யுஎஸ்பியில் நேராக இணையும் ரகமாகப் பாருங்கள், புளூடூத் என்றால் அழுத்தியதற்கும் குதிப்பதற்கும் நடுவே ஒரு நூலிழை தாமதம் வரலாம். புளூடூத் இயர்போனில் ஒலியும் அப்படித்தான் பிந்தும். மாரியோ குதித்த பிறகு குதித்த சத்தம் வந்தால் விளையாடவே பிடிக்காது.

இங்கேதான் உங்கள் காட் ஆஃப் வாருக்கும் பதில் இருக்கிறது. அதே தொடரில் 2008-இல் பிஎஸ்பிக்கு வந்த செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸ் ஒரு முழுமையான, நல்ல கேம். பிஎஸ்பியின் கனமான கேம்களில் ஒன்று, சிறு கருவியில் திணறும். ஆனால் ஓரளவு நல்ல போனில் பிபிஎஸ்எஸ்பிபி எமுலேட்டரும் ஒரு கன்ட்ரோலரும் இருந்தால் அருமையாக ஓடும். அகலத்திரை கேம் என்பதால் போன் திரையும் நன்றாக நிரம்பும். பிளேஸ்டேஷன் 2-இன் அசல்தான் வேண்டும் என்றால் கணினியில் விளையாடுங்கள். கணினி கேம்களை ஓட்டும் பெரிய ஹேண்ட்ஹெல்டான ஸ்டீம் டெக் வைத்திருப்பவர்கள் அதிலேயே விளையாடலாம். ஆனால் 7 அங்குலத்துக்குக் குறையாத திரையோடு அது பாக்கெட்டில் போடுகிற பொருள் இல்லை, உட்கார்ந்து விளையாடுகிற பொருள்.

எமுலேட்டரே வேண்டாம், அசல் கேட்ரிட்ஜைச் செருகி விளையாட வேண்டும் என்பவர்களுக்கு அனலாக் பாக்கெட் என்று ஒன்று 2021 முதல் இருக்கிறது. அதன் திரை 1600-க்கு 1440, கேம் பாய்க்கு மிகச் சரியாகப் பத்து மடங்கு. உள்ளே பழைய சிப்பின் சுற்றையே மறுபடி உருவாக்கும் எஃப்பிஜிஏ சிப். கேட்ரிட்ஜ் பெட்டி வீட்டில் இருந்தால் யோசிக்கலாம். உங்கள் பட்டியலுக்கு அது தேவையில்லை.

சட்டத்தைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். எமுலேட்டர் எழுதுவதும் பயன்படுத்துவதும் குற்றம் அல்ல. சோனிக்கும் கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 2000-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், எமுலேட்டர் எழுதுவதற்காக பயாஸை, அதாவது கன்சோலுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளை, ஆராய்ந்தது தவறில்லை என்றே சொன்னது. ஆனால் கேம்களுக்குப் பதிப்புரிமை இருக்கிறது. '10,000 கேம்களுடன்' என்று விற்கிற கார்டுகளில் இருப்பவற்றுக்குப் பெரும்பாலும் விற்பவரிடம் அனுமதி இருப்பதில்லை. தவிர அந்தப் பத்தாயிரத்தில் பல ஒரே கேமின் வெவ்வேறு மொழிப் பதிப்புகள். வாங்கிய புதிதில் அந்த நீண்ட பட்டியலில் மேலும் கீழும் போய் ஒன்றைக்கூட முழுதாக விளையாடாமல் விட்டவர்கள் ஏராளம். உங்களிடம் பழைய கேட்ரிட்ஜ் இருந்தால் ஜிபி ஆப்பரேட்டர் போன்ற கருவியில் செருகிக் கணினிக்கு நகலெடுக்கலாம். பழைய பிளேஸ்டேஷன் சிடியைச் சாதாரண சிடி டிரைவிலேயே நகலெடுக்கலாம். இப்போதும் கேம் பாய்க்காகப் புதுப்புது கேம்கள் எழுதுகிறார்கள். ஜிபி ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருள் வந்தபின் அவை பெருகிவிட்டன, பல இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் சில எனக்குப் பழைய கேம்களைவிடப் பிடித்திருக்கின்றன.

ஆக, உங்களுக்கு நான் சொல்வது: 3.5 அங்குல, 640-க்கு 480 திரை, நல்ல டி-பேட், பழகிய மென்பொருள். கை சிறியது, எப்போதும் பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்றால் மியூ மினி பிளஸ். டெக்கன் அதிகம் விளையாடுவீர்கள், படுத்த வடிவம் வேண்டும் என்றால் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச். போக்கிமானில் நீங்கள் நினைப்பது கேம் பாய் அட்வான்ஸ் காலத்து எமரால்டு, ஃபயர் ரெட் என்றால் மட்டும் இரண்டையும் விட்டுவிட்டு ஆர்ஜி34எக்ஸ்எக்ஸ். காட் ஆஃப் வார் போனில்.

கருவி வந்த அன்று பழைய கார்டை நகலெடுத்துப் புதுக் கார்டில் போடுங்கள், நேரத்தைச் சரி செய்யுங்கள், முழு எண் பெருக்கத்தை ஆன் செய்யுங்கள். ஒரு வெள்ளைப் படத்தையும் ஒரு கறுப்புப் படத்தையும் திரை முழுக்கப் போட்டு, செத்த பிக்சல் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் டெட்ரிஸை எடுத்து அரை மணி நேரம் விளையாடுங்கள். வேகம் கூடக் கூட, நீளக் கட்டையை ஓரத்துப் பள்ளத்துக்கு நகர்த்தும்போது அது நீங்கள் நினைத்த இடத்தில் போய் நிற்கிறதா, வழியில் தானாகக் கீழே இறங்குகிறதா என்று கவனியுங்கள். நினைத்த இடத்தில் நின்றால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பெட்டியில் போட்டுவிடுங்கள்.